முதற்பக்கத்துக்கு ஒரு செனட்டர்

"நிப்பாட்டுங்கோ! சீமோன் அண்ணை, மெசினை நிப்பாட்டுங்கோ!"

அச்சு இயந்திரத்தின் இரைச்சலில் துர்க்காவின் கத்தல் அவளுக்கே கேட்கவில்லை. காரைக் குறுக்காக விட்டுவிட்டு, கதவைக்கூடப் பூட்டாமல் ஓடி வந்திருந்தாள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி அச்சகத்தின் சீமெந்துத் தரையில் சறுக்கிவிட்டது. ஆளுயரக் கடதாசி உருளை ஒன்றைப் பிடித்து நிமிர்ந்தாள். மறுகோடியில் காதுக்கவசத்தோடு நின்றிருந்த சீமோனின் முகத்துக்கு நேரே இரண்டு கைகளையும் வீசினாள்.

சீமோன் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். இயந்திரம் முனகி, இழுத்து, நின்றது.

"என்ன பிள்ளை, வீடு பத்துதோ?"

"முதல் பக்கத்தை மாத்த வேணும்."

"இரண்டாயிரம் ஓடீட்டுது."

"அந்த இரண்டாயிரத்திலை ஒண்டுகூட வெளியிலை போகக் கூடாது. எல்லாத்தையும் அரைக்கிற மெசினுக்குள்ளை போடுங்கோ."

சீமோன் மை காயாத பிரதி ஒன்றை எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். 'செனட் சபைக்குப் போகிறார் கனகாம்பிகை!'

"நல்ல விசயம்தானே. ஏன், பொய்யோ?"

"இல்லை அண்ணை. உண்மை. அதுதான் பிரச்சினை."

சீமோன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு நாற்பது.

"மூண்டரைக்குச் சீனப் பேப்பர் ஏறும். அதுக்கு முதல் புதுப்பக்கம் தந்தால் அடிச்சுத் தாறன். தராட்டி இந்தக் கிழமை உங்கடை பேப்பர் இல்லை."

ஐம்பது நிமிடங்கள்.

துர்க்கா 'கீழ்வானம்' வாரப் பத்திரிகையின் ஆசிரியர். ஆசிரியர் என்றால் செய்தி எழுதுவதும் அவள், பக்கம் கட்டுவதும் அவள், மரண அறிவித்தலில் ஒரு பேரனின் பெயர் விடுபட்டுப்போனால் ஏச்சு வாங்குவதும் அவள். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்காபரோவின் தமிழ்க் கடை வாசல்களில் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அடுக்கி வைக்கிற பத்திரிகை அது. சனம் மரக்கறிக்கு வந்து, பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போகும்.

மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரிய செனட் கதிரைகளில் ஒன்று காலியாகியிருந்தது. இதற்குத் தேர்தல் கிடையாது. விரும்பியவர்கள் விண்ணப்பிப்பார்கள், ஒரு குழு இரகசியமாக அலசிப் பார்க்கும், கடைசியில் பிரதமர் ஒரு பெயரைச் சொல்வார். 'இந்தமுறை ஒரு தமிழ் ஆளாம்' என்று யாரோ ஒரு கல்யாண மண்டபத்தில் சொன்னதுதான் தாமதம், பந்திக்குப் பந்தி அதே கதை. வாக்குப் போட முடியாத ஒரு காரியத்தில் எங்கள் சனத்துக்கு வந்த உற்சாகம், வாக்குப் போடுகிற காரியம் ஒன்றிலும் வந்ததில்லை.

பல்வைத்தியர் ஜனார்த்தன்தான் என்று ஒரு கட்சி. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற வேரோனிக்கா என்று இன்னொரு கட்சி. ஆனால் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டவர் இராஜரட்ணம். வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிறவர். கன்னங்கரேலென்ற தலைமயிரோடு பஸ் தரிப்பு வாங்குகளின் முதுகில் விளம்பரப் படமாகச் சிரித்துக்கொண்டிருப்பவர். அவருக்காகப் பேச வேறொருவர் தேவையில்லை. "எனக்கு ஒட்டாவாக் குளிர் ஒத்துக்கொள்ளுமோ எண்டதுதான் ஒரே யோசினை" என்று மைக் கிடைத்த இடமெல்லாம் அவரே சொல்லித் திரிந்தார்.

'கீழ்வானம்' முதலாளி கிளிபோட்டுக்குப் பொறுக்கவில்லை. "இந்த வெள்ளிக்கிழமை பெயரைச் சொல்கிறோம்!" என்று வானொலியில் ஒரு கிழமையாக விளம்பரம் போட்டுவிட்டு, "பேரைக் கண்டுபிடி" என்று துர்க்காவிடம் சொல்லிவிட்டார்.

அவள் கண்டுபிடித்தாள். அதுவும் யாரும் நினைத்துப் பார்க்காத வழியில்.

செனட்டராக வேண்டுமென்றால் அந்த மாகாணத்தில் சொந்தப் பெயரில் நாலாயிரம் டொலருக்காவது காணி இருக்க வேண்டும். குதிரை வண்டிக் காலத்துச் சட்டம், இன்னும் இருக்கிறது. துர்க்கா காணிப் பதிவை இணையத்தில் திறந்து, ஊர் வாயில் அடிபட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எல்லோருக்கும் வீடு இருந்தது. ஜனார்த்தனுக்கு மூன்று இருந்தது. இதில் ஒன்றும் பிடிபடாது என்று மூடப் போனவள், ஏதோ ஒரு எண்ணத்தில் கனகாம்பிகையின் பெயரைப் போட்டாள்.

முப்பத்திநாலு வருடமாகச் சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற கனகாம்பிகை, இரண்டு மாதத்துக்கு முன் ஒஷாவாவுக்கு அங்கால் ஒரு துண்டுக் காணி வாங்கியிருந்தார். ஆறாயிரம் டொலர். வீடு கட்ட அனுமதி இல்லை. பாதி பற்றை, பாதி சேறு.

அறுபத்தேழு வயதில் ஒரு மனுசி சேற்றை ஏன் வாங்க வேண்டும்?

துர்க்கா கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். ஓம், வேறு ஆர்? இத்தனை நாளும் ஏன் ஒருவருக்கும் இந்தப் பெயர் வாயில் வரவில்லை?

கனகாம்பிகை மாமாங்கம் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். வந்த இரண்டாவது வருடம், தை மாதக் குளிரில் அந்தக் கட்டடத்தின் ஹீற்றர் படுத்துவிட்டது. கைக்குழந்தைகள் கம்பளிக்குள் அழுதன. மனேஜர் போனை எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அப்போது நாற்பது சொல்கூடத் தெரியாத கனகாம்பிகை, இருபத்திமூன்று மாடியும் படியால் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சோமாலி, தகாலோக், ஸ்பானிஷ் என்று பதினான்கு பாசை பேசுகிறவர்களிடம் சைகையால் விளக்கிக் கையெழுத்து வாங்கினார். ஆறாம் நாள் ஹீற்றர் ஓடியது. அந்தக் குளிரில் நாலாம் மாடியில் கம்பளிக்குள் அழுத குழந்தைகளில் துர்க்காவும் ஒருத்தி. அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அதோடு நின்றாரா? அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளர்கள் பிழையாகச் சொல்கிறார்கள் என்று முதலில் சத்தம் போட்டது அவர். லிப்ட் மூன்று நாள் நின்றபோது, மேல்மாடிக் கிழவர்களுக்கு இன்சுலினைப் படியால் கொண்டுபோனது அவர். மாநகர சபைக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஐந்து நிமிடம் பேசத் தருவார்கள். மற்றவர்களை மணியடித்துத்தான் இருத்த வேண்டும். கனகாம்பிகை, முட்டை அவிக்க வைக்கிற சின்ன மணிக்கூட்டைக் கையோடு கொண்டுபோய், நாலு நிமிடம் ஐம்பது செக்கனில் முடித்துவிடுவார். "மிச்சப் பத்து செக்கன் நீங்க யோசிக்க" என்று சொல்லிவிட்டு இருப்பார். சபை சிரிக்கும். பிறகு உண்மையாகவே யோசிக்கும்.

இந்தப் பெருமிதத்தில்தான் துர்க்கா தலைப்பை எழுதினாள், ஆச்சரியக்குறியும் போட்டாள். கிளிபோட்டுக்கும் பெயரைச் சொல்லவில்லை. பக்கம் அச்சுக்குப் போனது. கடைகளுக்குப் போகும் பத்திரிகையில் பழைய படம் போய்விட்டது. இணையப் பதிப்புக்காவது நல்ல படம் ஒன்று போடலாமே என்று இன்று மத்தியானம் கனகாம்பிகைக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, உங்கடை நல்ல படம் ஒண்டு வேணும். நாளைக்கு முதற்பக்கம் நீங்கள்தான்."

மறுமுனையில் தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது.

"என்னத்துக்கு மகள்?"

"ஒஷாவாக் காணி அன்ரி. நான் பாத்திட்டன்."

மறுமுனையில் கதிரை ஒன்று இழுபட்டது.

"நான் ஒண்டும் சொல்லேலா மகள். சொல்ல மாட்டனெண்டு கையெழுத்து வெச்சிருக்கன்."

"நீங்கள் சொல்ல வேண்டாம். நான் எழுதீட்டன்."

"சரி. எழுதுறது உன்ட வேலை, அதைத் தடுக்க எனக்கு உரிமையில்ல." குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. "நேத்து அமிர்தநாதர் டொக்டரைப் பாக்கப் போனநான். மனுசன் இன்னும் கதவைத் திறக்க முதல் மூணு தரம் ஆரு ஆருண்டு கேக்காரு. அது கிடக்கட்டும். படம் எந்தச் சைஸ்ல வேணும்?"

துர்க்கா படத்தை மறந்தாள்.

டொக்டர் அமிர்தநாதர். ஆறு வருடங்களுக்கு முன் இதேபோல் ஒரு கதிரை காலியானபோது, 'கீழ்வானம்' முதற்பக்கத்தில் வந்த பெயர். எழுதியது துர்க்கா. பத்திரிகை வெளிவந்த மறுநாளே தொடங்கிவிட்டது பெட்டிசம். ஒருவருடைய பெயர் நல்ல காரியத்துக்கு அடிபட்டால், எங்கள் சனத்தில் நாலு பேர் கையெழுத்தில்லாமல் ஒட்டாவாவுக்கு மொட்டைக் கடிதம் எழுதாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. அந்தமுறை ஐம்பத்திமூன்று. நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிற விதம் பிழை என்றுகூட ஒருவர் எழுதினார். ஒவ்வொன்றின் அடியிலும் 'பிரதி: சகல தமிழ்ப் பத்திரிகைகளுக்கும்' என்று வேறு. ஒன்றில்கூட உண்மை இல்லை. ஆனால் கதிரை வேறொருவருக்குப் போனது. கடிதங்களால்தான் போனதா என்று யாருக்கும் தெரியாது. டொக்டர் தன் கிளினிக்கைப் பூட்டினார். பிறகு ஒரு பொதுக் கூட்டத்துக்கும் வரவில்லை.

பெயர் வெளியே வந்தால் கனகாம்பிகைக்கும் அதுதான். வராவிட்டால் மட்டுமே அந்தக் கதிரை.

அவள் போனை வைத்தாள். மார்க்கம் நகரத்து அச்சகத்துக்குக் காரை எடுத்தாள்.

இப்போது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. சீமோனின் மேசைக் கணினியில் வெறுமையான முதற்பக்கம். கைத்தொலைபேசியில் கிளிபோட்.

"பக்கம் மாத்துறியோ? என்னத்துக்கு?"

"அந்தப் பேர் சரிவராது அண்ணை."

"அப்ப எந்தப் பேர் சரிவரும்? ஒரு கிழமையா றேடியோவிலை கத்திப்போட்டு நாளைக்கு வெறும் பக்கத்தைக் குடுக்கிறதோ? சனம் அதிலை மீன் சுத்தும்! பேர் ஒண்டு வேணும். இல்லாட்டி திங்கட்கிழமை நீ வேலைக்கு வர வேண்டாம்!"

உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்தான். ஆனால் கிளிபோட் அண்ணையிடம் ஒரு இரகசியத்தைச் சொல்வதும் வானொலியில் வாசிப்பதும் ஒன்று. துர்க்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இல்லாத ஒன்றை எழுதவும் மனம் வரவில்லை. ஜனார்த்தனின் பெயரைப் போட்டு அந்த மனுசனைப் பெட்டிசக்காரருக்குப் பலி கொடுக்கவும் மனம் வரவில்லை.

மூன்று மணி. போன் மறுபடி அடித்தது. இராஜரட்ணம்.

"பிள்ளை, கிளிபோட் இப்பதான் எனக்குப் போன் எடுத்துக் குழறினவன். முதல் பக்கம் வெறுமையாமே?"

"அண்ணை, நான் பிறகு கதைக்கிறன்..."

"என்ரை பேரைப் போடு."

"நீங்கள்தான் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"ஆதாரம் ஆர் கேட்டது? நான் சொன்னதாப் போடு. 'செனட்டுக்கு என்னை விட்டால் ஆர்?' இராஜரட்ணம் கேள்வி. அவ்வளவுதான். நான் சொன்னனான், நீ எழுதினனி. அதிலை பொய்யில்லை."

துர்க்காவுக்கு அருவருப்பாக இருந்தது. "அண்ணை, சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். படம் பெரிசாப் போடு. கழுத்திலை மாலையோடை ஒண்டு இருக்கு, அனுப்பிவிடுறன். மாலை முழுசாத் தெரிய வேணும், வெட்டிப்போடாதை."

மனுசனுக்கு வெட்கம் என்ற ஒன்றே இல்லையா என்று நினைத்தபடியே அவள் தட்டத் தொடங்கினாள். மூன்று இருபத்தாறுக்குப் பக்கம் முடிந்தது. மூன்று இருபத்தொன்பதுக்கு சீமோன் இயந்திரத்தை ஓடவிட்டார். பழைய இரண்டாயிரமும் அரைவை இயந்திரத்துக்குள் போவதை அவள் நின்று பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் வாசிச்சது..."

"நான் என்ன வாசிச்சன்? எனக்குக் கண்ணாடி நெத்தியிலையெல்லோ கிடந்தது" என்றார் சீமோன்.

வெள்ளிக்கிழமை ஊர் சிரித்தது. சனிக்கிழமை ஊர் கொதித்தது. திங்கட்கிழமை முதல் பெட்டிசத்தின் பிரதி 'கீழ்வானத்துக்கு' வந்து சேர்ந்தது.

துர்க்கா கடித உறைகளைப் பிரிக்கும்போதெல்லாம் கண் ஒரே ஒரு பெயரைத்தான் தேடியது. இல்லை. எல்லாம் இராஜரட்ணம். தொண்ணூற்றிநாலில் கோயிலிலிருந்து இரவல் வாங்கிய ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மகளின் கல்யாணத்தில் ஊர்க்காரருக்குப் பின்வரிசைக் கதிரை கொடுத்தார். பாட்மின்ரன் போட்டியில் நடுவராக இருந்து மருமகனை வெல்ல வைத்தார். மூன்று சங்கங்களின் பெயரில் வந்த மூன்று கடிதங்கள் ஒரே கணினியில் தட்டியவை. மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை. இரண்டாம் கிழமை முடிவில் நாற்பத்தொன்று. மூன்றாம் கிழமை அறுபத்திநாலு.

இவ்வளவுக்குப் பிறகாவது அடங்குவார் என்று பார்த்தால், மனுசன் இன்னும் ஏறினார். ஒட்டாவாவுக்கே போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் கோட் சூட்டோடு படம் எடுத்து அனுப்பினார். 'இடம் பார்த்தாச்சு' என்று கீழே குறிப்பு. அன்றைக்கு மட்டும் ஒன்பது பெட்டிசம் வந்தது. துர்க்கா தலையில் அடித்துக்கொண்டாள். என்றாலும் ஒவ்வொரு உறையையும் பிரித்து முடிக்கும்போது, கனகாம்பிகையின் பெயர் இல்லாத அந்தக் கடதாசிகளைப் பார்த்து ஒரு பெருமூச்சும் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அறிவித்தல் வந்தது. நாலே வரி. ஒன்ராறியோவின் புதிய செனட்டர், கனகாம்பிகை மாமாங்கம்.

துர்க்கா இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தின் கீழ்த்தளம் நிரம்பி வழிந்தது. பதினான்கு பாசையிலும் கைதட்டல் ஒரே மாதிரித்தான் கேட்டது. தொலைக்காட்சிக்காரர் ஒலிவாங்கிகளை நீட்ட, கனகாம்பிகை கம்பளிச் சால்வையை இழுத்துவிட்டு, "ரெண்டாவது லிப்ட் ஒரு கிழமையா ஓடல்ல. மேல வயசாளிகள் இருக்காங்க. முதல்ல அதை எழுதுங்க" என்றார். துர்க்காவைக் கண்டதும் கையைப் பிடித்தார். பிடியை விடவே இல்லை.

"இராஜரட்ணம் அண்ணையிட்டை ஒரு கருத்து வாங்கு!" என்று கிளிபோட் போனில் குதித்தார். "தோத்த மனுசன் என்ன சொல்லுறார் எண்டு சனம் கேக்குது!"

போக மனமில்லாமல்தான் போனாள். றிச்மண்ட் ஹில்லில் வீடு. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி பேபி.

"வா பிள்ளை. செனட்டர் குசினிக்கை இருக்கிறார்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

இராஜரட்ணம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு மேசையில் இருந்து, தட்டில் சுடச்சுடப் பொரித்துக் குவித்த பற்றிஸை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தார். முன்னால் கைத்தொலைபேசியில் கனகாம்பிகையின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"லிப்டைப் பற்றிக் கதைச்சா, பாத்தியோ? லிப்டைப் பற்றி! இது ஆறாவது தரம் பாக்கிறன்." கன்னம் முழுக்கச் சிரிப்பு. "இரு பிள்ளை. சாப்பிடு."

துர்க்கா இருந்தாள். வரும் வழியில் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் ஒன்றும் பொருந்தவில்லை.

"அண்ணை, உங்களுக்குக் கவலையில்லையோ?"

"எனக்கேன் கவலை? அவவுக்கு ஒட்டாவாவுக்குச் சிபாரிசுக் கடிதம் குடுத்த மூண்டு பேரிலை நானும் ஒருத்தன்."

அவள் கையில் எடுத்த பற்றிஸ் பாதி வழியில் நின்றது.

"தொண்ணூற்றிரண்டிலை என்ரை அகதிக் கேஸ்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "மொழிபெயர்க்க வந்தவன், தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனதெண்டு நான் சொன்னதை, தம்பி தானாப் போனவனெண்டு சொல்லிப்போட்டான். எனக்கு இங்கிலீசு விளங்கேல்லை. பின்னாலை இருந்த ஒரு மனுசி எழும்பி, 'இல்ல, அவர் அப்பிடிச் சொல்லல்ல' எண்டா. வெளியிலை போ எண்டினம். போகேல்லை. நிண்டா. அவ அண்டைக்கு நிக்காட்டி நான் இண்டைக்கு எங்கை நிக்கிறனோ."

பேபி மேசைக்கு ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். வந்த பெட்டிசம் அத்தனையும் அதில் திகதி வாரியாக இருந்தன. ஒவ்வொன்றின் பிரதியையும் எழுதியவர்கள் அவருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

"ஆற்றையாவது பேர் ஒண்டு வெளியிலை நிக்க வேணும் பிள்ளை. நிண்டால்தான் கல்லெறியிறவை மற்றப் பக்கம் திரும்பமாட்டினம். எறியட்டும் எண்டு மாலையையும் போட்டுக்கொண்டு நிண்டனான். ஒலிபெருக்கிக் கதை மட்டும் உண்மை, அது இப்பவும் கராஜிலை கிடக்கு."

துர்க்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று மாதமாகத் தானும் சேர்ந்து சிரித்த மனுசன்.

"ஆனால் அண்ணை, உங்களுக்கும் ஆசை இருந்திருக்குமெல்லோ? இவ்வளவு பெட்டிசம் போன பிறகு உங்கடை விண்ணப்பத்தை இனி ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினமே. அடுத்தமுறை இடம் காலியானாலும்..."

அடுப்படியில் நின்ற பேபி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

"என்ன விண்ணப்பம் பிள்ளை? எழுபத்தைஞ்சு வயதோடை செனட்டிலை இருக்கிறவையையே வீட்டை அனுப்பிவிடுவினம். இந்த மனிசனுக்குப் போன மாசியிலை எழுபத்தாறு முடிஞ்சுது."